கைவிடப்பட்ட கிண்ணமும் கரையோர மைதானமும்: ஆசியக் கழகங்களுக்கான தலைவர் கிண்ணச் சுற்றுப்போட்டி – ஒரு சமூகவியல் நோக்கு

2014ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் ஓர் இறுதியாட்டம் நடைபெற்றது. துர்க்மெனிஸ்தானின் தலைநகரைச் சேர்ந்த பல்கலைக்கழகக் கழகமொன்று வட கொரியாவின் ரிம்யொங்சு கழகத்தை 2–1 என்ற கணக்கில் வென்றது. பரிசளிப்பு முடிந்தது. அத்துடன் சுற்றுப்போட்டியும் முடிந்தது. மறு ஆண்டு அது நடைபெறவில்லை. அதன் பின்னர் அப்பெயரில் ஒருபோதும் நடைபெறவில்லை. ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் பத்து ஆண்டுகளாக நடாத்திவந்த தலைவர் கிண்ணம் என்னும் கழகச் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டம் அதுவே.

கிண்ணமொன்று கைவிடப்படுவது விளையாட்டுச் செய்திப் பக்கத்தின் ஒரு மூலைக்குரிய விடயமெனப் பலர் கருதலாம். ஆயின், விளையாட்டும் ஒரு பண்பாட்டு வடிவமே. அதற்கும் பொருளியல் அடித்தளம் உண்டு. அதற்கும் வர்க்கச் சார்பு உண்டு. அதனைப் பற்றிய கருத்துநிலைகளும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட் பற்றி ஒரு முழு நூலை எழுதியபோது நிறுவிக் காட்டியது இவ்வுண்மையையே. நாட்டார் பாடலையும் கூத்தையும் ஆராயப் புகுந்த நமது தமிழ்த் திறனாய்வுலகம், அப்பாடலைப் பாடிய அதே மக்கள் மாலை வேளையில் கூடிய மைதானத்தை நோக்கத் தவறிவிட்டது. அக்குறையைச் சிறிதளவேனும் ஈடுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைவர் கிண்ணம் ஏன் தோன்றியது, யார் அதில் ஆடினர், அது ஏன் கைவிடப்பட்டது என்பன முதலில் விளக்கப்படும். அதன்பின், இறுதியாட்டம் நடந்த கொழும்பிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வடக்கேயுள்ள புத்தளக் கரையோரத்திலிருந்து அக்கிண்ணம் நோக்கப்படும். உதைபந்தாட்டத்தை உயிரெனப் போற்றும் ஒரு பிரதேசம், ஆசியாவின் எளிய நாடுகளுக்கெனவே அமைக்கப்பட்ட ஓர் அரங்கிலும் தன் கழகம் ஒன்றைக் காணமுடியாமற் போனது ஏன் என்ற வினாவே நம்மைச் செலுத்துவது.

1. கைவிடப்படுதல் – இருவகை

ஆசியாவில் கழகச் சுற்றுப்போட்டி கைவிடப்பட்டமை 2014இல் முதன்முறையாக நிகழ்ந்ததன்று. ஆசியக் கழகச் சாம்பியன்களுக்கான முதலாவது போட்டி 1967இல் பாங்கொக்கில் ஆரம்பமாயிற்று. அதனை இஸ்ரேலின் ஹப்போயல் டெல் அவிவ் வென்றது. 1970இல் லெபனான் கழகமொன்று இஸ்ரேலியக் கழகத்துடன் ஆட மறுத்தது. 1971இல் ஈராக்கின் பொலிஸ் கழகம் இறுதியாட்டத்தையே ஆட மறுத்தது. கிண்ணம் மக்காபி டெல் அவிவ் கழகத்துக்கு ஆடாமலே சென்றது. 1972ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 1974இல் இஸ்ரேல் ஆசியச் சம்மேளனத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. கழகப் போட்டி மீண்டும் உயிர்பெறுவதற்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்கைவிடல் வெளிப்படையான அரசியற் போராட்டத்தின் விளைவாகும். மைதானத்தில் இறங்க மறுத்தவர்கள் தம் மறுப்புக்குரிய காரணத்தை உலகறியக் கூறினர். முரண்பாடு முரண்பாடாகவே தோன்றியது. 2014இல் நிகழ்ந்ததோ பிறிதொரு வகை. அங்கு எவரும் ஆட மறுக்கவில்லை. நிருவாகத் தீர்மானமொன்றினால், மறுசீரமைப்பு என்ற பெயரில், ஓசையின்றி ஒரு கிண்ணம் அகற்றப்பட்டது. முரண்பாடு இங்கும் உண்டு. ஆனால் அது நிருவாக மொழியினுள் மறைந்து கிடக்கிறது. முன்னையதை விளங்கிக்கொள்ள வரலாறு போதும். பின்னையதை விளங்கிக்கொள்ளப் பொருளியல் வேண்டும்.

2. மூன்று படிகள்

2002இல் கட்டாரைச் சேர்ந்த முகம்மது பின் ஹம்மாம் ஆசியச் சம்மேளனத்தின் தலைவரானார். அவர் காலத்தில் ஆசியாவின் உதைபந்தாட்ட நாடுகள் மூன்று தரங்களாக வகுக்கப்பட்டன: முதிர்ச்சியுற்றவை, வளர்ச்சியடைந்துவருபவை, புதிதாக முகிழ்ப்பவை. முதற்படியினரின் கழகங்களுக்குச் சாம்பியன்ஸ் லீக். இரண்டாம் படியினருக்கு ஏ.எப்.சி. கிண்ணம், மூன்றாம் படியினருக்கு 2005இல் தொடங்கிய தலைவர் கிண்ணம். மூன்றாம் படியின் தேசிய அணிகளுக்கெனச் சவால் கிண்ணம் என்னும் இன்னொரு போட்டி 2006இல் தொடங்கிற்று.

இச்சொற்களை நாம் வேறோரிடத்தில் கேட்டிருக்கிறோம். உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் நாடுகளை வகைப்படுத்தும் மொழியே இங்கு மைதானத்துக்கு இறக்குமதியாகியுள்ளது. எல்லா நாடுகளும் ஒரே பாதையில் முன்பின்னாக நடக்கின்றன. பின்னிற்பவை முயன்றால் முன்னிற்பவற்றை எட்டலாம் என்பதே இவ்வகைப்பாட்டின் உட்கிடை. முன்னிற்பவை முன்னிற்பதற்கும் பின்னிற்பவை பின்னிற்பதற்கும் இடையிலுள்ள உறவை அது கூறுவதில்லை. எளிய நாட்டின் திறமிக்க வீரன் செல்வ நாட்டின் கழகத்துக்கு விலைபோவதும், எளிய நாட்டின் சிறுவன் தன்னூர்க் கழகத்தின் ஆட்டத்தை விடுத்து ஆங்கிலக் கழகத்தின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காண்பதும் அவ்வுறவின் வெளிப்பாடுகளே.

எனினும், வகைப்பாட்டை விமர்சிப்பது வேறு, அவ்வகைப்பாட்டினுள் கிடைத்த வாய்ப்பை மறுப்பது வேறு. 2005 மே மாதத்தில் காத்மாண்டுவில் பூட்டான், கம்போடியா, தாய்வான், கிர்கிஸ்தான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, தஜிகிஸ்தான் ஆகிய எட்டு நாடுகளின் கழகங்கள் கூடின. இவற்றுட் பல அதற்கு முன்னர் தம் எல்லைக்கு வெளியே போட்டியாட்டங்களை அரிதாகவே கண்டவை. குழுநிலை முறை காரணமாகத் தோற்ற கழகமும் ஒரே ஆட்டத்துடன் ஊர் திரும்ப வேண்டியிருக்கவில்லை. கூச்சிங், லாகூர், பிஷ்கெக், துஷான்பே, யாங்கோன், கவோசியுங், மலாக்கா எனப் போட்டி ஊர் ஊராகச் சென்றது. சவால் கிண்ணத்தின் முதற் போட்டியில், 2006இல் டாக்காவில், இலங்கைத் தேசிய அணி இறுதியாட்டம் வரை முன்னேறித் தஜிகிஸ்தானிடம் தோற்றது. சமநிலையான எதிராளி கிடைக்கும்போது இலங்கையின் ஆட்டக்காரன் சளைத்தவனல்லன் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் இப்படிக்கட்டில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. தலைவர் கிண்ணத்தை வென்ற கழகம் அவ்வெற்றியின் பயனாக நேரடியாக அடுத்த படிக்கு ஏறும் ஒழுங்கு இருக்கவில்லை. நாட்டின் சம்மேளனம் முழுமையாகத் தரமுயர்த்தப்பட்டாலன்றி அந்நாட்டின் கழகத்துக்கு வழி திறக்காது. 2010இல் மியன்மாரின் யடனாபொன் வென்றது. 2012இல் மியன்மார் கழகங்கள் இரண்டாம் படிக்கு ஏறின. தஜிகிஸ்தானுக்கு அவ்வாய்ப்பு 2013இலேயே கிட்டியது. உழைப்பவனின் வெற்றி அவனுக்குரியதன்று, நிருவாகத்தின் மதிப்பீட்டுக்குரியது என்பதே இதன் பொருள்.

3. கழகங்களின் சமூக அடித்தளம்

இக்கிண்ணத்தின் உண்மையான சுவை அதன் வெற்றிப் பட்டியலில் உள்ளது. விளையாட்டு விவரணையாளருக்கு அது பெயர்ப்பட்டியல் மட்டுமே. சமூகவியல் நோக்கில் வாசிப்போருக்கோ அது எளிய ஆசியாவில் உதைபந்தாட்டத்தைத் தாங்கி நிற்கும் சக்திகள் எவை என்பதன் வரைபடமாகும்.

2005, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்ற ரெகார்-தடாஸ், தஜிகிஸ்தானின் துர்சுன்சோதா நகரைச் சேர்ந்தது. அதன் பெயரின் பின்பாதி, சோவியத் காலத்தில் அங்கு எழுந்த அலுமினியத் தொழிற்சாலையின் சுருக்கப் பெயர். அதாவது, இது ஓர் ஆலைக் கழகம். 2005 முதல் 2010 வரை ஆறு இறுதியாட்டங்களிலும் ஆடி இருமுறை வென்ற தோர்தோய் கழகமோ, பிஷ்கெக் நகரின் புறத்தேயுள்ள தோர்தோய்ப் பெருஞ்சந்தையின் பெயரைத் தாங்கியது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் இரும்புக் கொள்கலன்களையே கடைகளாக அடுக்கி வளர்ந்த சந்தை அது. சீனப் பொருள்கள் மத்திய ஆசியாவெங்கும் பரவுவதற்கான வாயில். 2005, 2008, 2009ஆம் ஆண்டு இறுதியாட்டங்களில் ரெகாரும் தோர்தோயும் எதிர்நின்றபோது, ஒரு பக்கம் பழைய சமுதாயத்தின் ஆலையும் மறுபக்கம் புதிய சமுதாயத்தின் சந்தையும் நின்றன எனலாம். மூன்றிலும் வென்றது ஆலையே. வரலாற்றில் வென்றது எது என்பதை நாம் அறிவோம்.

2011இல் கவோசியுங்கில் வென்றது தாய்வான் மின்சார நிறுவனத்தின் கழகம். 2013இல் மலாக்காவில் இறுதிவரை வந்த பாகிஸ்தான் கழகம் அந்நாட்டின் அணு ஆராய்ச்சிக் கூடமொன்றுக்குரியது. 2007இல் இறுதியாட்டம் ஆடிய நேபாளக் கழகம் பொலிஸ் படைக்குரியது. 2014இல் வென்றது பல்கலைக்கழகக் கழகம். இவை யாவற்றையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். செல்வ நாடுகளில் கழகம் என்பது மூலதனத்தின் ஒரு வடிவம். அங்கு ஒளிபரப்பு உரிமையும் விளம்பரமும் நுழைவுச்சீட்டும் கழகத்தைப் போஷிக்கின்றன. எளிய நாடுகளில் கழகம் தன் காலில் நிற்பதில்லை. ஆலை, சந்தை, மின்வாரியம், ஆய்வுகூடம், படை ஆகிய ஏதேனும் ஒன்றின் தோளிலேயே நிற்கின்றது. வீரன் உண்மையில் தொழிலாளியாகவோ ஊழியனாகவோ சிப்பாயாகவோ சம்பளம் பெறுகிறான். அச்சம்பளமே அவனது பயிற்சிக்கான நேரத்தை வாங்கிக்கொடுக்கின்றது.

இப்பட்டியலில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2012இல் துஷான்பேயில் இஸ்திக்லால் கழகத்திடம் 1–2 எனத் தோற்ற கழகம், பலஸ்தீனத்தின் அல்-அம்அரி இளைஞர் மையக் கழகமாகும். அல்-அம்அரி ஓர் ஊரன்று. இராமல்லாவை அடுத்து 1949இல் அமைந்த அகதி முகாம். நிலமிழந்த மக்களின் முகாமொன்று ஆசியாவின் இறுதியாட்டமொன்றில் ஆடியது. இவ்விதிவிலக்குக்கு நாம் பின்னர் திரும்பி வருவோம்.

4. புத்தளக் கரையோரம்

வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனையிலிருந்து தெற்கே சிலாபம், வென்னப்புவ வரை நீளும் இக்கரையோரம் இலங்கையின் சமூக வரலாற்றில் ஒரு தனிப் பிரதேசமாகும். தமிழ் பேசும் முஸ்லிம்கள், உடப்பு போன்ற ஊர்களின் தமிழ்ச் சைவர், தமிழும் சிங்களமும் பேசும் கத்தோலிக்கர், சிங்களப் பௌத்தர் எனப் பலரும் அருகருகே வாழ்பவர். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் முதன்முதல் தொகுத்த சைமன் காசிச்செட்டி பிறந்ததும் கற்பிட்டியிலேயே. கடலும் களப்பும் உப்பளமும் தென்னையும் இங்குள்ள வாழ்வின் அடிப்படைகள்.

உதைபந்தாட்டம் இக்கரைக்கு ஏற்றதொரு விளையாட்டு. கிரிக்கெட்டுக்கு வேண்டிய ஆடுதளமும் உபகரணங்களும் கல்லூரிப் பாரம்பரியமும் இதற்கு வேண்டியதில்லை. அலை பின்வாங்கிய ஈரமணலும் ஒரு பந்துமே போதும். இலங்கையில் கிரிக்கெட் குடியேற்றக்கால உயர்குழாத்தின் கல்லூரிகளில் வேரூன்ற, உதைபந்தாட்டம் கொழும்பின் கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு போன்ற உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளிலும், முஸ்லிம், மலாயர் குடியிருப்புகளிலும், கரையோர ஊர்களிலும் வேர்கொண்டமை தற்செயலானதன்று. புத்தளம் நகரில் ஓர் ஊர்க்கழகங்களுக்கிடையிலான ஆட்டம் நடைபெறும் மாலையில் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடப்பதை அந்நகரை அறிந்தோர் அறிவர்.

இத்தகைய பிரதேசத்தின் கழகமெதுவும் தலைவர் கிண்ணத்தின் பத்து ஆண்டுகளில் இடம்பெறவில்லை. இலங்கையிலிருந்து களுத்துறையின் புளூ ஸ்டார், கொழும்பின் இரத்தினம், பின்னர் இராணுவக் கழகம், விமானப்படைக் கழகம் ஆகியன சென்றன. காரணத்தைத் திறமையின்மையில் தேடுவது எளிது, ஆனால் தவறு. காரணத்தை உற்பத்தி முறையில் தேடுதல் வேண்டும்.

கரைவலையை எடுத்துக்கொள்வோம். இரு வடங்களையும் கரையில் நின்று இரு அணியினர் இழுக்க, வலை மெல்ல மெல்லக் கரையேறுகிறது. தனியொருவனால் இயலாத கூட்டுழைப்பு அது. உடப்பில் வழங்கிவரும் அம்பாப் பாடல்கள் அவ்வுழைப்பின் இசைவிலிருந்து பிறந்தவை. இழுப்பின் தாளமே பாட்டின் தாளம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் சேர்ந்து இழுக்கும் அதே ஒத்திசைவு, மாலையில் பந்தோடும் கால்களிலும் வெளிப்படுவதை இலக்கிய மாணவன் உணர்தல் கூடும். கூட்டுழைப்பு கூட்டாட்டத்தைப் பயிற்றுகிறது என்பது மிகையன்று.

ஆனால் அதே கரைவலையில் உழைப்பு கூட்டானது, உடைமை தனியானது. வலையும் தோணியும் சம்மாட்டிக்குரியன. செலவு கழித்து, உடைமையாளன் பங்கு போக, எஞ்சியதே இழுத்தவர்க்குப் பங்காகும். மாதச் சம்பளம் என்பது இல்லை. கடலுக்குப் போகாத நாள் வருவாயற்ற நாள். மேலும், தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரை கொந்தளிப்பதால் உடப்பு, சிலாபம் முதலிய ஊர்களின் மீனவர் பலர் முல்லைத்தீவு, திருகோணமலை முதலிய கீழ்க்கரைகளுக்குப் பெயர்ந்து வாடியடித்துத் தொழில் செய்வது நீண்டகால வழக்கம். ஊர்க்கழகத்தின் பதினொருவரில் ஐவர் ஆண்டின் பாதியில் வேறு கரையில் இருப்பர். தேசிய லீக் ஒன்று மாதக்கணக்கில் ஓரணியைக் கட்டிக்காக்குமாறு கோருகின்றது. பருவத்தின் நாட்காட்டியும் சம்மேளனத்தின் நாட்காட்டியும் பொருந்துவதில்லை. களப்பு மீன்பிடிக்கும் உப்பள வேலைக்கும் இது ஓரளவு பொருந்தும். உப்பு விளைவதும் பருவத்தைப் பொறுத்ததே.

இவ்விடத்தில், துர்சுன்சோதாவில் ஓர் ஆலை செய்ததைப் புத்தளத்தின் ஆலைகள் ஏன் செய்யவில்லை என்ற வினா எழும். புத்தளத்தில் ஆலை இல்லாமலில்லை. அரசு கூட்டுத்தாபனத்தின் கீழ் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை உண்டு. அது 1990களில் தனியார்மயமாக்கப்பட்டுப் பன்னாட்டு மூலதனத்தின் கைக்கு மாறி, 2016இல் தாய்லாந்து நிறுவனமொன்றிடம் சேர்ந்தது. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் சீனக் கடனுதவியுடன் கட்டப்பட்ட அனல் மின்நிலையம் உண்டு. 2011இல் அதன் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாற். அதே 2011இல்தான் தாய்வான் மின்சார நிறுவனத்தின் கழகம் கிண்ணத்தை வென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வேறுபாடு இயந்திரத்திலன்று, உறவிலுள்ளது. துர்சுன்சோதாவில் ஆலை நகரை உருவாக்கியது. நகரின் மக்கள் ஆலையின் தொழிலாளர். ஆகவே ஆலையின் கழகம் நகரின் கழகமாயிற்று. நுரைச்சோலையிலோ நிலக்கரி கடல்கடந்து வருகிறது, மின்சாரம் கம்பிவழியே தேசிய வலையமைப்புக்குச் செல்கிறது, சாம்பலும் வெந்நீரும் பற்றிய கவலை மட்டுமே ஊருக்கு எஞ்சுகிறது. சுற்றியுள்ள கரைவலைக்காரரும் தோட்டச் செய்கையாளரும் அந்நிலையத்தின் உற்பத்தியுறவுகளுக்கு வெளியே நிற்பவர். ஊரோடு உறவற்ற உற்பத்தி ஊருக்கு ஒரு கழகத்தைத் தருவதில்லை.

எனவே இக்கரையின் கழகங்கள் வேறு தோள்களைத் தேடின. பள்ளிவாசல் சார்ந்த மகல்லாவும், கோயிற் குறிச்சியும், தேவாலயப் பங்கும் கழகத்தின் எல்லையாயின. வளைகுடா நாடுகளில் உழைப்பவர் அனுப்பும் பணமே பல ஊர்களில் காலணியும் சீருடையும் ஆயிற்று. இத்தகைய போஷிப்பு ஒரு சுற்றுப்போட்டிக்குப் போதும்; ஒரு பருவத்துக்குப் போதாது. அன்றியும் இருபது வயதில் சிறந்தாடும் இளைஞனே வளைகுடாவுக்கு முதலிற் புறப்படுபவன். கழகத்தைப் போஷிக்கும் பணம், கழகத்தின் வீரனை விலையாகப் பெற்றே வருகிறது.

5. படையும் பந்தும்

இலங்கைக் கழகங்களின் வரிசை புளூ ஸ்டார், இரத்தினம் ஆகியவற்றிலிருந்து இராணுவத்துக்கும் விமானப்படைக்கும் நகர்ந்தமை தனித்து நோக்கத்தக்கது. உள்நாட்டு யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. யுத்தகாலத்தில் விரிவடைந்த படைகள் அதன் பின்னரும் சுருங்கவில்லை. நிரந்தரச் சம்பளம், உணவு, தங்குமிடம், பயிற்சிக்கான நேரம், மைதானம் ஆகிய அனைத்தையும் ஒரு வீரனுக்கு ஒருங்கே அளிக்கவல்ல நிறுவனம் நாட்டில் படையொன்றே என்றாகியது. மாகாணங்களின் திறமிக்க ஏழை இளைஞருக்குப் படையின் கழகம் ஒரு தொழில்வாய்ப்பு. அவ்விளைஞரைக் குறைகூறுவதற்கில்லை.

ஆனால் அவ்வாயில் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறந்திருக்கவில்லை. படைகளில் தமிழ் பேசுவோரின் தொகை மிகச் சிறிது என்பது அறியப்பட்டது. புத்தளத்து முஸ்லிம் இளைஞனோ உடப்புத் தமிழ் இளைஞனோ, தேசிய மட்டத்தில் ஆடுவதற்கான மிக உறுதியான பாதை படையினூடாகச் செல்லும் ஒரு நாட்டில், பாதையின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறான். எஞ்சியது கொழும்புக் கழகங்களின் பாதை. அது வாடகையும் பேருந்துக் கட்டணமும் தாங்கக்கூடியவனுக்கே உரியது. இனமுரண்பாடும் வர்க்க முரண்பாடும் ஒன்றையொன்று ஊடறுக்கும் புள்ளியாக மைதானம் இங்கு அமைகின்றது.

இப்போது அல்-அம்அரிக்குத் திரும்புவோம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம், கற்பிட்டி, முந்தல் பகுதிகளே. ஓலைக் கொட்டில் முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. வந்தோரும் இருந்தோரும் நீர், நிலம், தொழில், பாடசாலை ஆகியன பற்றி முரண்பட்டனர். மைதானத்திலும் முரண்பட்டிருப்பர், சேர்ந்தும் ஆடியிருப்பர். அல்-அம்அரி முகாம் தன் கழகத்தினூடாகத் தனக்கொரு முகவரியைப் படைத்தது. உலகம் மறக்க விரும்பிய முகாமின் பெயரைத் துஷான்பேயின் அறிவிப்புப் பலகை எழுத வேண்டியதாயிற்று. புத்தளத்து முகாம்களுக்கு அத்தகைய பலகை எதுவும் கிட்டவில்லை. எல்லாப் படிகளிலும் கீழ்ப்படியான ஒரு கிண்ணம் எவ்வளவு பொருளுடையதாக இருக்கக்கூடும் என்பதை இவ்வொப்பீடு உணர்த்தும்.

6. அகற்றலும் மீள்பிறப்பும்

2011இல் பின் ஹம்மாம் இலஞ்சக் குற்றச்சாட்டின் பேரில் இடைநிறுத்தப்பட்டார். 2012 டிசம்பரில் அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அவரது காலத்துப் படிக்கட்டும் கலையத் தொடங்கிற்று. 2014 மே மாதத்தில் மாலைதீவில் பலஸ்தீனம் வென்றதோடு சவால் கிண்ணம் முடிந்தது. செப்டெம்பரில் கொழும்பில் தலைவர் கிண்ணம் முடிந்தது. இனி எல்லா நாடுகளும் ஒரே வாயிலால் ஏ.எப்.சி. கிண்ணத்தினுள் நுழையலாம் எனப்பட்டது.

வடிவத்தில் இது சமத்துவம். மூன்றாம் தரம் என்ற முத்திரை அகன்றது. உள்ளடக்கத்தில் நிகழ்ந்தது வேறு. ஏ.எப்.சி. போட்டிகளில் ஆடும் கழகம் உரிமப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். சட்டபூர்வ நிறுவனமாதல், கணக்காய்வு, தகுதிபெற்ற பயிற்றுநர், தரமுடைய அரங்கு என நிபந்தனைகள் நீள்வன. இவை தம்மளவில் தீயவையல்ல. ஆனால் மகல்லாக் கழகத்துக்கும் முகாம் கழகத்துக்கும் இவை சுவர்கள். உரிமம் பெற்ற கழகத்துக்கும் கிடைத்தது என்ன? 2017இல் கொழும்பு எப்.சி. தகுதிச் சுற்றில் மோகன் பகானிடம் தோற்று வெளியேறியது. 2019இல் சென்னையின் எப்.சி.யுடன் கொழும்பில் சமநிலை கண்டு, இந்தியாவில் ஒரே கோலினால் வெளியேறியது. 2022இல் புளூ ஸ்டார் நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை வென்றபின், கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. பெருமுதலாளிகளின் உடைமையாகிவிட்ட இந்தியக் கழகங்களுடன் ஓரிரு ஆட்டங்கள். பின்னர் வீடு திரும்புதல். சமமற்றோரைச் சமமாக நடாத்துவது சமத்துவமாகாது என்ற பழைய உண்மை இங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்வரலாற்றின் முரண்நகை அதன் முடிவிலுள்ளது. 2024இல் ஆசியச் சம்மேளனம் தன் கழகப் போட்டிகளை மீண்டும் மறுசீரமைத்தது. மீண்டும் மூன்று படிகள் தோன்றின. மூன்றாம் படிக்குச் சவால் லீக் எனப் பெயரிடப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் தேவையற்றதெனக் கைவிடப்பட்டதே புதுப் பெயருடன் திரும்பியது. 2025 மே மாதத்தில் அதன் முதலாவது கிண்ணத்தை வென்றது துர்க்மெனிஸ்தானின் அர்க்காதாக் கழகம். அர்க்காதாக் என்பது அந்நாட்டின் முன்னாள் ஜனாதிபதிக்குரிய பட்டம். அப்பட்டத்தின் பேரால் ஒரு நகரமே எழுப்பப்பட்டு, 2023இல் அதற்கொரு கழகமும் படைக்கப்பட்டது. தலைவரின் பெயரைத் தாங்கிய கிண்ணம் போயிற்று. தலைவரின் பெயரைத் தாங்கிய கழகம் கிண்ணத்தைத் தூக்கிற்று.

மூலதனம் மேற்படியில் குவியுந்தோறும் கீழ்ப்படி ஒன்று தேவைப்பட்டே தீரும். அதனை ஒருகாலம் அன்பளிப்பாக வழங்குவர்; ஒருகாலம் சிக்கனமெனப் பறிப்பர்; ஒருகாலம் சீர்திருத்தமென மீள வழங்குவர். தீர்மானிப்போர் மாறலாம், கீழ்ப்படியில் நிற்போரைக் கேட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் மட்டும் வருவதில்லை.

7. முடிவாக

இலங்கையின் நிலை இடைக்காலத்தில் மேலும் தாழ்ந்தது. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டிலேயே தடை நீங்கிற்று. நிருவாகப் பதவிகளுக்கான போட்டியே ஆட்டமாகிவிட்ட சூழலில், மைதானத்து ஆட்டம் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

புத்தளக் கரையிலிருந்து நோக்குமிடத்துச் சில தெளிவுகள் பெறப்படும். ஒன்று, கழகத்தின் தலைவிதியை வீரனின் கால்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவனது தொழிலின் நாட்காட்டியும் கூலிமுறையும் தீர்மானிக்கின்றன. இரண்டு, மக்கள் கழகம் நிலைபெறக் கூட்டுறவு அடிப்படை வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கமும் உப்பளத் தொழிலாளரும் உள்ளூராட்சி மன்றமும் இணைந்து தாங்கும் கழகம், சம்மாட்டியின் தயவையோ வளைகுடாப் பணத்தையோ மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இப்பிரதேசத்தின் பேராலைகளும் மின்நிலையமும் தாம் பயன்படுத்தும் நிலத்துக்கும் கடலுக்கும் ஈடாக மைதானங்களையேனும் தரக் கடமைப்பட்டவை. மூன்று, லீக் போட்டிகளின் காலம் பருவக்காற்றையும் கருத்திற் கொண்டு வகுக்கப்படல் வேண்டும். இது சிறிய கோரிக்கையே. ஆனால் இதுவரை எவரும் செவிமடுக்காத கோரிக்கை.

ஆய்வாளருக்கும் இங்கு பணி உண்டு. அம்பாப் பாடல்களைப் பதிவு செய்தது போல, இக்கரையின் கழகங்களின் வரலாறும் பதிவு செய்யப்படல் வேண்டும். யார் தொடங்கினர், யார் பணம் கொடுத்தனர், யார் எந்தக் கரைக்குப் பெயர்ந்தனர், முகாமிலிருந்து வந்தவன் எந்த அணியில் ஆடினான் என்பன எழுதப்படாத சமூக வரலாறாகும். அவ்வரலாற்றை அறிந்த முதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

கொழும்பில் ஒரு கிண்ணம் கைவிடப்பட்டது. கற்பிட்டி மணலில் ஆட்டம் கைவிடப்படவில்லை. வலை கரையேறிய பின்னர், பங்கு பிரித்த பின்னர், வெளிச்சம் மங்குவதற்கு முன்னுள்ள சிறுபொழுதில் பந்து உருள்கின்றது. அப்பொழுதை ஒரு பருவமாக நீட்டிப்பது எவ்வாறு என்பதே உதைபந்தாட்டம் பற்றிய உண்மையான வினா. அதற்கான விடை மைதானத்துக்கு வெளியே, உழைப்பும் உடைமையும் உறவுகொள்ளும் இடத்திலேயே தேடப்படல் வேண்டும்.